புரதம் பகையா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது பழமொழி. அளவுக்குக் குறைந்தாலும் அமிர்தத்தால் பயனில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சர்க்கரை நோயாளியின் இலையிலிருந்து பருப்பையும் முட்டையையும் அறவே எடுத்துவிடும் வழக்கத்தைக் காணும்போது எனக்கு இவ்வாறே எண்ணத் தோன்றுகிறது.

நீரிழிவு நாள்பட்டால் சிறுநீரகம் பழுதடையக்கூடும். புரதம் மிகுந்தால் அதன் வடிகட்டிகளில் அழுத்தம் ஏறும். 1982-இல் அமெரிக்க மருத்துவர் பிரென்னரும் அவர் குழுவினரும் இதனை வலியுறுத்தினர். புரதத்தைக் குறைத்தால் சிறுநீரகம் பிழைக்கும் என்ற நம்பிக்கை வலுத்தது. ஆனால் 1994-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் தெளிவான நன்மை தென்படவில்லை. இன்சுலின் தேவைப்படும் நோயாளிகள் அதில் சேர்க்கப்படவும் இல்லை. 2022-இல் வெளியான பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டி கூறுவது என்ன? நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவருக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் 1.0 முதல் 1.2 கிராம். 'அறவே நிறுத்து' என்று அது கூறவில்லை.

நண்பர்களே! இக்கணக்கை நம் வீட்டுத் தட்டில் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 கிராம் புரதம் வேண்டும். நாள் முழுதும் 300 கிராம் அரிசி, 50 கிராம் துவரம்பருப்பு, 200 மில்லி பால் என்று வைத்துக்கொள்வோம். அரிசியில் சுமார் 21, பருப்பில் 11, பாலில் 6. மொத்தம் 38 கிராம்தான். செட்டிநாட்டுச் சமையல் என்றதும் வெளியூரார் கோழியையும் ஆட்டுக்கறியையும் நினைக்கிறார்கள். கூலிக்குப் போகும் வீடுகளில் கறி, ஞாயிற்றுக்கிழமை வந்து போகும் விருந்தாளி. இந்தத் தட்டில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது?

என் அப்பத்தாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. "சிறுநீரில் புரதம் போகிறது" என்று கேட்ட நாள் முதல், உண்ட புரதம்தான் போகிறது என்று எண்ணிப் பருப்பு, பால், முட்டை மூன்றையும் விட்டுவிட்டார். கஞ்சியும் ஊறுகாயுமே உணவாயின. கஞ்சி சர்க்கரையை ஏற்றியது. ஊறுகாயின் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றியது. எட்டு மாதத்தில் ஆறு கிலோ இளைத்தார். எங்கள் வீட்டில் மருத்துவச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. படிக்க ஆளில்லாத வீடுகளின் நிலை என்ன?

மூன்று வேளையும் கறி உண்பவரும், புரதப் பொடி கரைத்துக் குடிப்பவரும் குறைக்கத்தான் வேண்டும். நோய் முற்றியவருக்கு மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. நான் மறுப்பது, அளவே சொல்லாமல் விதிக்கும் தடையை. சிறுநீரகத்தைக் காப்பவற்றுள் முதன்மையானவை சர்க்கரைக் கட்டுப்பாடு, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, உப்புக் குறைப்பு, தவறாத மருந்து ஆகியவை. ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அதனுடன், எதை எத்தனை கரண்டி உண்ணலாம் என்று எளிய தமிழில் ஒரு தாளும் வரட்டும். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், மரம் நடுவதோடு வீடு வீடாகச் சென்று, "சிறுநீரில் ஆல்புமின் பார்த்தீர்களா? பருப்பை நிறுத்தச் சொன்னது யார்?" என்று கேட்போம். அறிவியல் படிக்கும் நாம் நம் ஊருக்கு இதையேனும் செய்ய வேண்டாமா?