உப்பிட்டவர் யார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறது பழமொழி. நொய்யலில் உப்பிட்டவரை நினைக்க வேண்டுமென்றால் முதலில் ஆள் யாரென்று தெரிய வேண்டுமே!

காங்கேயத்துக்கு வடக்கே ஒரத்துப்பாளையம் அணை. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்று சொல்லி 1990களின் தொடக்கத்தில் கட்டினார்கள். சில வருடங்களிலேயே திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கொஞ்சம் விட்டவர், நிறைய விட்டவர் எல்லோருக்கும் ஒரே பூட்டு!

அணைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்துவிடலாம். "ஏனுங்க, இது யாரு போட்ட உப்புங்க?" என்று விவசாயி கேட்டால் எந்தக் கருவியும் பதில் சொல்லாது. எந்தப் பட்டறையிலிருந்து வந்தாலும் சோடியம் சல்பேட் சோடியம் சல்பேட்தான். சாயம் துணியில் ஏறப் போடும் இந்த உப்பு துணியில் தங்குவதில்லை, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பல பட்டறைக் கழிவும் கலந்த பிறகு அதற்கு முகவரி கிடையாது. கலப்பதற்கு முன்பே எழுதி வைத்தால்தான் உண்டு.

"கழிவுக் குழாயில் சென்சார் வைத்து ஆன்லைனில் இணைத்தாயிற்றே" என்பார்கள். சென்சார் தான் இருக்கும் குழாயை மட்டும்தான் பார்க்கும். திருட்டுக் குழாயைக் காட்டிக் கொடுப்பது கணக்குதான். வாங்கிய உப்பு எவ்வளவு, ஆவியாக்கி மீட்டது எவ்வளவு, மூட்டையில் கிடப்பது எவ்வளவு? கணக்கு உதைத்தால் மீதி ஆற்றுக்குப் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

"தொழில் ரகசியம்" என்பார்கள். யாரும் சாயக் கலவையின் பக்குவத்தைக் கேட்கவில்லை. எடையையும் வாங்கிய இடத்தையும்தான் கேட்கிறார்கள். "சின்னப் பட்டறைக்கு முடியாது" என்பார்கள். சோடியம் சல்பேட்டுக்கு ஜிஎஸ்டி பில் போட முடிகிறதே! வரிக்காக எழுதும் கணக்கு ஆற்றுக்காக மட்டும் கனக்குமோ?

2025ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. மருந்துக்கான கரைப்பான்கள் யாரிடமிருந்து யாருக்குப் போகின்றன என்று இணையத்தில் பதியும் ஏற்பாடு அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. சாயப்பட்டறைக்கும் அதே பதிவு வேண்டும். விற்றவர், தொகுதி எண், எடை, வாங்கிய பட்டறை என்று ஒரு லோடுக்கு ஒரு வரி. அதை நொய்யல் கரை விவசாயியும் திறந்து பார்க்க முடிய வேண்டும்.

அதுவரை உப்பிட்டவர் தப்பிப்பார். உப்பு மட்டும் கிணற்றில் இருக்கும்.