37 விழுக்காட்டில் நின்ற பெரியப்பா

“நீதான் ரேடியோல இருக்கியே, உனக்குத் தெரியாததா?”

இந்த ஒரு வாக்கியத்தால் நான் மாட்டிக்கொண்ட வேலைகளை எழுதினால் நான்கு வாரத்துக்கு இந்தப் பத்தி ஓடும். ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து பேசுகிறவளுக்குக் கணினி, கேமரா, ஆஸ்ட்ரோ டிகோடர் எல்லாம் அத்துப்படி என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஊடகத் துறையில் பட்டம் வேறு வாங்கித் தொலைத்துவிட்டேனா, மறுக்கவும் வழியில்லை.

இந்த முறை கேட்டவர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் பெரியம்மா. பெரியப்பா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. திதிக்கு எல்லாரும் வருவார்கள், அதற்குள் பேத்தி கல்யாணத்தில் பெரியப்பாவை எடுத்த காணொளிகளை எல்லாம் ஒரு டிவிடியில் போட்டுக் கொடுக்க முடியுமா என்றார். யார் இப்போது டிவிடி பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். பெரியம்மா பார்க்கிறார். அவர் வீட்டில் பெட்டி போன்ற பழைய டிவி, அதற்கு மேல் ஒரு டிவிடி பிளேயர். அந்த ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இருட்டில்கூட அவருக்குத் தெரியும். கைப்பேசியில் காட்டினால், “சின்னதா இருக்கும்மா, முகமே தெரியல” என்கிறார்.

மூன்று இடத்திலிருந்து காணொளிகள் வந்தன. சித்தப்பா வைத்திருந்த பழைய கேம்கார்டர், தங்கையின் ஐபோன், ஜொகூரில் இருக்கும் அண்ணனின் ஆண்ட்ராய்டு. டிவிடி தயாரிக்கும் பழைய இலவச மென்பொருள் ஒன்று என் மடிக்கணினியில் இருந்தது. எல்லாவற்றையும் அதில் இழுத்துப் போட்டு, தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தால் 37 விழுக்காட்டில் நின்றுகொண்டு, டிகோடர் பிழை என்று ஒரு வரி. மறுபடி ஓட்டினேன். மறுபடி 37.

இங்கே ஒரு சின்ன துப்பறியும் வேலை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், கணினியில் இடம் போதவில்லையா, சூடாகிறதா என்று பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்றால் கோளாறு பெரும்பாலும் கோப்பில்தான். கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். தங்கையின் ஐபோன் காணொளியை எடுத்ததும் அந்த இடத்தைத் தாண்டி ஓடியது.

ஆனால் அதே காணொளி விஎல்சியில் அழகாக ஓடுகிறதே? பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். எம்பி4 என்பது நாசி லெமாக் பொட்டலம் மாதிரி. மேலே சுற்றிய தாள் ஒன்றுதான், உள்ளே சம்பாலா, ரெண்டாங்கா என்று பிரித்தால்தான் தெரியும். ஒரு எம்பி4-க்குள் எச்.264 இருக்கலாம், எச்.265 எனப்படும் எச்இவிசி இருக்கலாம். விஎல்சி தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. பல பழைய டிவிடி மென்பொருள்கள் விண்டோஸில் எது இருக்கிறதோ அதை நம்பித்தான் பிழைக்கின்றன. விண்டோஸ் 10-இல் எச்இவிசிக்கான நீட்சி பல கணினிகளில் இருப்பதில்லை, கடையில் தனியாக வாங்க வேண்டும். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் எச்இவிசியில்தான் பதிவு செய்கின்றன, நாமாக மாற்றினால் ஒழிய.

இது தெரிவதற்கு முன் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைத்த கோடெக் தொகுப்பு ஒன்றைப் போட்டேன். சரிவரவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றையும் போட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, அதுவரை நன்றாக ஓடிய கேம்கார்டர் காணொளியும் கறுப்பாகிவிட்டது. இரண்டையும் பிடுங்கிப் போடுவதற்குள் இரவு மணி 2. காலை 6 மணி நிகழ்ச்சியில் என் குரல் ஏன் அப்படி இருந்தது என்று கேட்ட நேயர்களுக்கு இதுதான் பதில்.

மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பை அதில் போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடும். எச்இவிசி, அதுவும் 10 பிட் என்றது. பிறகு ஹேண்ட்பிரேக்கில் போட்டு, சாதாரண 8 பிட் எச்.264 ஆக மாற்றினேன். அதுவும் தன் டிகோடரைத் தானே கொண்டு வருகிற ரகம், அதனால் முரண்டு பிடிக்கவில்லை. டிவிடிக்கு எப்படியும் எம்பெக்-2-தான் வேண்டும். நம் ஊருக்கான பிஏஎல் முறையில் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். அந்தக் கடைசி மாற்றத்தை டிவிடிஸ்டைலர் பார்த்துக்கொண்டது. 4.7 ஜிபி வட்டில் ஒரு மணி நேரம் என்றால் தெளிவாக இருக்கும், இரண்டு மணி நேரம் வரை சமாளிக்கலாம்.

அடுத்தது அண்ணனின் காணொளி. ஓடியது, ஆனால் 40 நிமிடம் ஆனபோது பெரியப்பா வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருந்தார். வானொலிக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? கைப்பேசிகள் பல, நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் படம் குறையும். சில மென்பொருள்கள் அதைச் சீரானது என்று நினைத்துக்கொண்டு மாற்ற, குரல் ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம் என்று விலகிக்கொண்டே போகும். ஹேண்ட்பிரேக்கில் படவேகத்தை 25 என்று வைத்து, பக்கத்திலேயே இருக்கும் ‘கான்ஸ்டன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அசைவில் லேசான வெட்டு தெரிந்தது. பெரியப்பா என்ன நடனமா ஆடுகிறார், நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மீதம் ஒரே ஒரு கோப்பு. மணமக்களை வாழ்த்திப் பெரியப்பா மைக்கைப் பிடித்துப் பேசியது. அண்ணன் எடுத்தது, பாதியில் பேட்டரி தீர்ந்து கைப்பேசி அணைந்துவிட்டதாம். விஎல்சியிலும் ஓடவில்லை. கடையில் கொடுத்தபோது, “ஃபைல் செத்துப்போச்சு, டிலீட் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டார்களாம். நல்லவேளை, அண்ணனுக்கு மனசு வரவில்லை.

கோப்பின் அளவைப் பார்த்தேன். 800 எம்பிக்கு மேல். காலம் மட்டும் காட்டவில்லை. அளவு இருந்து காலம் இல்லை என்றால் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கைப்பேசி பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதும். அதற்குள் உயிர் போய்விட்டால், பக்கங்கள் இருந்தும் பொருளடக்கம் இல்லாத புத்தகம் மாதிரி ஆகிவிடும். அன்டிரங்க் என்ற மென்பொருள் அந்த அட்டவணையைத் திரும்பக் கட்டப் பார்க்கும். அதே கைப்பேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை அதற்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டும்.

அண்ணனிடம் மாதிரி கேட்டேன். அந்தக் கைப்பேசி திரை உடைந்து அலமாரியில் கிடந்தது. மின்னூட்டி, சமையலறையில் ஒரு நிமிடம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பயனில்லை. வாட்ஸ்அப் காணொளியைப் பிழிந்து வேறு ஒன்றாக மாற்றித்தான் கொடுக்கும். “டாக்குமெண்டா அனுப்புண்ணே” என்றேன். “ரெண்டும் ஒன்னுதானம்மா?” என்றார். ஒன்றில்லை. இரண்டாவது முறை வந்த கோப்பை வைத்து ஓட்டினேன். நான்கு நிமிடம் காத்திருந்தேன்.

முதலில் குரல்தான் வந்தது. மைக்கைத் தட்டி, “கேக்குதா?” என்றார் பெரியப்பா. பிறகு படம். ஏழு நிமிடம் முழுசாக மீண்டது, கடைசிச் சில நொடிகள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. கோப்பை உடனே இரண்டு இடத்தில் நகலெடுத்தேன். வட்டில் எழுதுவதற்கு முன் முழுவதையும் கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன், பிறகு டிவிடி-ஆரில் நிதானமாக 4 மடங்கு வேகத்தில் எழுதினேன். பழைய பிளேயர்களுக்கு அவசரமாக எழுதிய வட்டு ஒத்துவராமல் போவது உண்டு.

திதிக்கு முந்தைய ஞாயிறு சுங்கை சிப்புட் போனேன். பெரியம்மா ரிமோட்டை என்னிடம் தரவில்லை. பெரியப்பா பேசியதை முழுதாகக் கேட்டார், சத்தத்தைக் கூட்டினார், பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டார். “அந்தச் சட்ட நான் எடுத்துக் கொடுத்தது” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, “இதுல கீறல் விழுந்துட்டா என்னம்மா பண்றது?” என்று கேட்டார். மூலக் கோப்பு எல்லாம் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது, ஒன்று என் வீட்டில், ஒன்று அண்ணன் வீட்டில் என்றேன்.

“அப்ப மூனாவது இங்க இருக்கட்டும்” என்றார். அடுத்த வாரம் பென்டிரைவோடு மறுபடி போகிறேன்.