நான் தப்பாக நடத்திய ஒரு பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். வீட்டு மாத்திரை டப்பாவில் 'கேஸ் மாத்திரை' வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன். இப்போது அவன் மகளே கல்லூரிக்குப் போகிறாள். சாம்பார் வந்தது, வேண்டாம் என்றான். வத்தக்குழம்பு வந்தது, கையை மறித்தான். ஊறுகாயை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் மோர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்னடா, சாப்பாடு பிடிக்கலையா?"

"அல்சர் சார். ஆறு வருஷமா இப்படித்தான். நீங்கதான் அப்பவே சொன்னீங்களே, காரமும் கவலையும்தான் வயித்துப் புண்ணுக்குக் காரணம்னு. இன்னும் மறக்கல சார்."

டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். "மெடிக்கல்ல கேட்டா மாத்திரை தர்றாங்க சார். காலையில வெறும் வயித்துல ஒண்ணு. போட்டா நல்லா இருக்கு, நிறுத்தினா திரும்ப வந்துடுது" என்றான். ஆறு வருடத்தில் ஒரு பரிசோதனைகூட எடுத்ததில்லை.

சார் சொன்னதை மறக்கவில்லை என்று அவன் பெருமையாகத்தான் சொன்னான். எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அவன் நினைவில் வைத்திருந்தது தப்பான பாடம். நடத்தியது நான்.

'மனிதனின் செரிமான மண்டலம், படம் வரைந்து பாகங்களைக் குறி.' எத்தனை தடவை வரையச் சொல்லியிருப்பேன்! வாயில் உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்க ஆரம்பிக்கிறது என்பதற்கு, ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் "இனிக்குது சார்" என்று முதல் பெஞ்சில் இருந்து குரல் வரும். இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் புரதத்தைத் தாக்குகின்றன. முன்சிறுகுடலில் பித்தநீரும் கணையநீரும் வந்து சேர்கின்றன. சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் சத்தை உறிஞ்சுகின்றன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகின்றன, கொழுப்பு நிணநீர் வழியாகப் போகிறது. பெருங்குடல் மிச்சத் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது.

இதெல்லாம் இன்றைக்கும் சரிதான். ஒன்றே ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். குடலின் உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று கையை விரித்துக் காட்டுவேன். 2014இல் மறுபடி அளந்து பார்த்தவர்கள் மொத்தமே சுமார் 30 சதுர மீட்டர்தான் என்கிறார்கள். நம் பள்ளி வகுப்பறையின் தரை அளவுகூட வராது. அந்தத் தப்பால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? "இரைப்பை கறியைக் கரைக்கிறது. இரைப்பையும் கறிதானே! அது ஏன் தன்னையே கரைத்துக்கொள்வதில்லை?" இரைப்பையின் உள்சுவர் தன்மேல் கொழகொழப்பான ஒரு சளிப்படலத்தைப் பூசிக்கொள்கிறது. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டையும் அதில் சுரக்கிறது. மேற்பரப்புச் செல்களைச் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது. எலுமிச்சைச் சாற்றை ஒத்த, சில வேளை அதையும் மிஞ்சிய புளிப்பை உள்ளே வைத்துக்கொண்டு அது தப்பிப்பது இப்படித்தான். இதுவரை சரியாகச் சொன்னேன். "அப்படியானால் புண் ஏன் வருகிறது சார்?" என்று யாராவது கேட்டால், "காரம், கவலை, நேரந்தவறிச் சாப்பிடுவது" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நான் படித்ததும் அதுதான்.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள், இரைப்பைச் சுவரில் சுருள் வடிவப் பாக்டீரியா ஒன்று குடியிருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அந்த அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழற்சி. ஹெலிகோபேக்டர் பைலோரி என்று இப்போது அதற்குப் பெயர். தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்துக்கு அடியில் வருடக்கணக்கில் வாழும். நம் நாட்டில் ஏராளமானோர் வயிற்றில் அது இருக்கிறது. பெரும்பாலானோருக்குத் தொந்தரவு தருவதில்லை. சிலருக்கு அந்தக் காப்புச் சுவர் அரிக்கப்பட்டு, அமிலம் உள்ளே இறங்கிப் புண்ணாகிறது. புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம், மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாம் நினைத்தபோதெல்லாம் விழுங்கும் வலி மாத்திரைகள். காரம், இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது அது இல்லை.

இந்தக் கண்டுபிடிப்புக்கு 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆசிரியர் ஓய்வறையில் பேப்பரில் படித்தேன். இனிமேல்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த வருடமும் வகுப்பில் பழையதையேதான் எழுதிப் போட்டேன். பரீட்சைக்கு அது போதும், பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல.

என் அம்மாவுக்கு வயிற்று வலி உண்டு. உறவுகளில் மூத்தவர்களுக்குத் தெரியும். நடுராத்திரி எழுந்து அடுப்படியில் உட்கார்ந்து நீராகாரம் குடிப்பார். வயிற்றில் ஏதாவது விழுந்தால் வலி அடங்கும், பிறகு மறுபடி வரும். அம்மாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் என்றால் உயிர். சயின்ஸ் வாத்தியார் மகன் நான், அந்த ஜாடியை எடுத்துப் பரணில் வைத்தேன். "காரம் ஆகாதும்மா, கவலையும் படாதே" என்று அதட்டினேன். அம்மா எதிர்த்துப் பேசவே இல்லை. "அவன் படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அக்காவிடம் சொல்வாராம். 1999இல் வேறொரு நோயில் இறந்து போனார். கடைசிப் பதினைந்து வருடம் ஊறுகாயைத் தொடவில்லை. வலியும் போகவில்லை.

அம்மா வயிற்றில் அந்தக் கிருமி இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அம்மா உயிரோடு இருந்தபோதே அதற்குப் பரிசோதனையும் மருந்தும் வந்துவிட்டன. 2005இல் வகுப்பில் பாடத்தைத் திருத்தியிருந்தால், பரணில் வைத்த ஜாடிக்கும் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருடம் வேலை பார்த்து 2011இல் ஓய்வு பெற்றேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள்!

ஆகவே என் கருத்து இதுதான். ஆசிரியராக இருக்கிற என் மாணவர்களுக்கு முதலில் சொல்கிறேன். அறிவியல் வாத்தியாருக்குத் தான் நடத்தியது தப்பு என்று தெரிந்தால், மறுநாள் முதல் பாட வேளையிலேயே சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை. படத்தில் பாகம் குறிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, தன் வயிறு சொல்வதைக் கேட்கவும் தெரிய வேண்டும்.

மற்ற எல்லோருக்கும்: 'கேஸ்' என்பது நோயின் பெயர் அல்ல. குடலில் வாயு உண்டாவது இயற்கை. வாரக்கணக்கில் நீடிக்கும் மேல்வயிற்று வலியை அந்த ஒரே சொல்லில் மூடி வைக்காதீர்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வைத்தியத்தில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் கிருமி இருந்தால் அது மட்டும் கிருமியைக் கொல்லாது, வலியை மட்டும் அடக்கும். யாரும் பார்க்காமல் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே போனால் பி12 போன்ற சத்துகள் சேர்வதும் குறையலாம்.

"போனால் எண்டோஸ்கோபி எடுக்கச் சொல்வார்கள், செலவு" என்பீர்கள். எல்லோருக்கும் அது தேவைப்படாது. மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் இருக்கின்றன. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அது முடிவை மாற்றிக் காட்டும். கிருமி இருந்தால் பெரும்பாலும் இரண்டு வார மருந்து. இந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்களாகவே கடையில் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ காத்திருக்காதீர்கள். மலத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு உயிரை விடாதீர்கள். நெஞ்சை அடைத்து வியர்த்தால் சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த மாணவனிடம் கல்யாண மண்டப வாசலிலேயே, "நான் சொன்னது தப்புடா, என்னை மன்னிச்சிரு" என்றேன். பதறிப்போய், "என்ன சார் நீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வாரமே பரிசோதனைக்குப் போயிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்களில் யாராவது என் பேச்சைக் கேட்டு உங்கள் அம்மாவின் ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்திருந்தால், இன்றைக்கே எடுத்துக் கொடுங்கள். கூடவே ஒரு தடவை டாக்டரிடமும் அழைத்துப் போங்கள். ரத்தக் கொதிப்பு இருந்தால் மட்டும் உப்பைப் பார்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்