வெட்கமாம், வெட்கம்!

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பற்றி எந்த மேடையில் யார் பேசினாலும் ஒரு வசனம் கட்டாயம் உண்டு: "நம்ம பெண்களுக்கு வெட்கம் ஜாஸ்தி, விழிப்புணர்வு கம்மி, அதான் டெஸ்டுக்கு வர்றதில்லை." நாமும் கைதட்டிட்டு கேன்டீனுக்குப் போயிடறோம்.

சுத்தப் பேத்தல்ங்க இது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஒரு ஆய்வு தொடங்கினாங்க. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்குப் பரிசோதனை. பெரிய மெஷின் எதுவும் கிடையாது. தண்ணீர் கலந்த அசிட்டிக் அமிலத்தை (நம்ம வினிகர் சமாச்சாரம்தான்) கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் கழிச்சுப் பார்ப்பாங்க. கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். பார்த்தது பயிற்சி பெற்ற நர்ஸ்கள். தேவைப்பட்டவங்களுக்கு அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கிற சிகிச்சையும் கொடுத்தாங்க.

கூப்பிட்டது 49,311 பேரை. வந்தது 31,343 பேர். நூற்றுக்கு 63-க்கும் மேல! வெட்கம் அன்னிக்கு லீவு போட்டிருந்ததோ?

அதுவும் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனை. பரிசோதனை நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால் இந்த நோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு. 2007-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது.

இப்ப 2019-21 தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்க. தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்த டெஸ்டை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்து பேர்கூட இல்லை. இந்திய அளவில் இரண்டு பேர்கூட இல்லை. அதனால நாம காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்னு யாராச்சும் வந்தீங்கன்னா, பின்னூட்டத்தில் சண்டை நிச்சயம் :)

பெண்கள் மாறலை. திண்டுக்கல்லில் நர்ஸ் ஊர் தேடிப் போனாங்க, பேர் எழுதிக் கூப்பிட்டாங்க. மற்ற இடங்களில் போர்டு வச்சிட்டு உட்கார்ந்திருக்கோம். ஒரு நாள் கூலியை விட்டுட்டு, எந்த உபாதையும் இல்லாத ஒருத்தி எதுக்கு பஸ் ஏறி வரணும்?

அதே பெண் முழுகாம இருந்தால் சுகாதாரத்துறை விடுமா? நம்பர் கொடுத்து, தேதி குறிச்சு, ஊசி போடலைன்னா வீட்டுக்கே வந்து நிப்பாங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிஞ்சதும் அந்த அக்கறை காணாமல் போயிடுது. இந்த டெஸ்டுக்கான வயசே முப்பதுக்கு அப்புறம்தான்!

30 வயசிலிருந்து 65 வரை, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைன்னு 2016-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டாச்சு. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போகுது. அதே கையோடு அந்த வீட்டுப் பெண்ணிடம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரணும்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க சார்.