அண்டம் ஒரு கம்ப்யூட்டராம்!

சென்ற வாரம் ஒரு மாலை, படிப்பகத்திலே ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஆலையில் முதல் ஷிப்டு முடித்து வந்த இளந்தோழர் ஒருவர் கைபேசியை நம் முன் நீட்டினார். அதிலே அயல்நாட்டு அறிஞர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கதிரவனும் கடலும், கல்லும் மரமும், நீங்களும் நானும், எல்லாமே ஒரு மாபெரும் கம்ப்யூட்டரிலே ஓடிக்கொண்டிருக்கும் கணக்காம்! பேச்சு முடிந்தது. தோழர் கேட்டார்: "அண்ணே, எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்த ப்ரோகிராம் என்றால், சங்கம் எதற்கு? சந்தா எதற்கு?"

சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. வானத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும் அது வயிற்றைப் பற்றிய கேள்வி. கூலி உயர்வுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் வேளையிலே, 'எல்லாம் முடிந்துபோன காரியம்' என்ற எண்ணம் ஒரு தொழிலாளியின் நெஞ்சிலே புகுந்தால் அதற்கு விடை கூறாமல் விடலாமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். இக்கருத்தைக் கூறியோர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் அல்லர். இதைத் தொடங்கி வைத்தவர்களுள் முதல்வர் கான்ராட் சூசே என்னும் ஜெர்மன் பொறியாளர். 1941இல் பெர்லின் நகரிலே, தாமே இட்ட கட்டளைப்படி தானே இயங்கும் கணிப்பொறி ஒன்றைக் கட்டி முடித்த கைத்தொழில் மேதை அவர். 1969இல் ஒரு நூல் எழுதினார். அண்டவெளியே சிறுசிறு கட்டங்களால் ஆனது, ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பார்த்துத் தன் அடுத்த நிலையைக் கணித்துக்கொள்கிறது என்றார்.

இது எப்படி முடியும் என்று கேட்கலாம். 1970இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜான் கான்வே ஒரு விளையாட்டு அமைத்தார். கட்டம் போட்ட காகிதம் ஒன்று போதும். சில கட்டங்களில் புள்ளி வையுங்கள். புள்ளியுள்ள கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இரண்டு அல்லது மூன்று புள்ளிகள் இருந்தால் அது பிழைக்கும். குறைந்தாலும் மிகுந்தாலும் மடியும். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று புள்ளிகள் இருந்தால் அங்கே புதுப்புள்ளி பிறக்கும். அவ்வளவுதான் விதி! ஆனால் போட்டுப் பார்த்தால் விந்தை. சில உருவங்கள் துடிக்கின்றன. சில காகிதத்தின் குறுக்கே நடந்து செல்கின்றன. கம்ப்யூட்டர் செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் இந்தப் புள்ளிகளைக் கொண்டே செய்ய முடியும் என்றும் பின்னர் நிறுவினார்கள். இவ்வளவு எளிய விதியிலிருந்து இத்தனை கோலம் பிறக்குமானால், அண்டமும் அப்படிப் பிறந்திருக்கலாகாதா என்று அறிவுடையோர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் தோழர்களே, இங்கேதான் ஒரு சொல் நம்மை ஏய்க்கிறது. 'விதி' என்றால் நம் மொழியிலே இரண்டு பொருள். சங்கத்துக்கு விதிகள் உண்டு. கூட்டம் எப்படிக் கூட்டுவது, வாக்கு எப்படி எடுப்பது என்று அவை சொல்லும். யார் வெல்வார் என்று சொல்லா. இன்னொரு விதி, 'உன் தலையிலே எழுதியிருக்கிறது, போய் உழை, பட்டினி கிட' என்று நம் பாட்டன் பூட்டன் காதிலே ஓதப்பட்ட விதி. கான்வேயின் விதி முதல் வகை. இதைக் கேட்டுவிட்டு இரண்டாம் வகையை நெஞ்சிலே ஏற்றிக்கொள்கிறார் நம் இளந்தோழர். பழைய தலையெழுத்து ப்ரோகிராம் என்ற புதுச் சட்டை போட்டு வந்து நிற்கிறது!

வாதத்துக்காக, அண்டம் கம்ப்யூட்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தலையெழுத்து பிழைக்குமா? பிழைக்காது. 1936இலேயே ஆலன் டூரிங் என்னும் ஆங்கில அறிஞர் இதற்கு வழியடைத்துவிட்டார். ஒரு கணக்கைக் கொடுத்தால் அது என்றேனும் முடியுமா, முடியாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லாக் கணக்குகளுக்கும் முன்கூட்டிச் சொல்லக்கூடிய பொதுமுறை எதுவும் இருக்க முடியாது என்று மெய்ப்பித்தார். கான்வேயின் காகிதத்துக்கும் இது பொருந்தும். விதி கையிலே இருக்கிறது, முதற்புள்ளிகளும் கண்முன் இருக்கின்றன; ஆயினும் முடிவு என்ன என்பதற்குப் பொதுவான குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு படியாகப் போட்டுத்தான் தீரவேண்டும். அப்படிப் போடுகின்ற படிகளிலே சங்கமும் ஒரு படி, சந்தாவும் ஒரு படி, வாயிற்கூட்டமும் ஒரு படி. அவற்றை நீக்கிவிட்டால் அது வேறு கணக்கு.

இனி, அண்டம் உண்மையிலேயே கம்ப்யூட்டர்தானா என்ற கேள்விக்கு வருவோம்.

அமெரிக்க அறிஞர் சேத் லாயிட் 2002இல் ஒரு கணக்குப் போட்டார். அண்டம் தோன்றிய நாள் முதல் இதுவரை அது செய்திருக்கக்கூடிய 'கணிப்புகள்' ஒன்றுக்குப் பின் 120 சுழியங்கள் போட்ட எண்ணுக்கு மேற்போகாதாம். கணக்கிலே குறை காணவில்லை. ஆனால் எதைக் கணிப்பு என்று எண்ணினார்? துகள் ஒன்று ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறினால் அது ஒரு கணிப்பு. அப்படியானால் ஆற்றங்கரையிலே கிடக்கும் கூழாங்கல்லும் கம்ப்யூட்டர், அடுப்பிலே எரியும் விறகும் கம்ப்யூட்டர். எல்லாமே கம்ப்யூட்டர் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை மிச்சம்?

வரலாற்றைப் பாருங்கள். 1605இல் கெப்ளர், வானம் ஒரு கடிகாரம் போன்றது என்று கடிதத்திலே எழுதினார். அந்நாளில் ஐரோப்பிய நகரங்களின் கோபுரங்களிலே நின்ற கடிகாரமே மனிதக் கைகள் செய்த பொறிகளுள் தலைசிறந்தது. பின்னர் நீராவி எந்திரத்தின் காலம் வந்தது. 1852இல் வில்லியம் தாம்சன், எந்திரத்திலே வெப்பம் வீணாவது போல இயற்கையிலும் வீணாகிறது, ஒருநாள் இந்த உலகம் வாழத் தகாததாகிவிடும் என்றார். இந்த ஒப்புமைகளால் விஞ்ஞானம் வளர்ந்தது. அதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இன்று யாரேனும் அண்டம் ஒரு பாய்லர் என்கிறார்களா? அந்தந்தக் காலத்தின் பெரிய பொறியை வானத்திலே மாட்டிப் பார்ப்பது மனிதனின் பழக்கம். இன்று மாட்டியிருப்பது கம்ப்யூட்டர்.

ஆலைத் தோழர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மஸ்டர் ரோலிலே உங்கள் பெயர் இருக்கிறது, வந்த நேரம் இருக்கிறது, நெய்த கெஜம் இருக்கிறது. ஒன்றும் தப்பில்லாத பதிவேடு என்றே கொள்வோம். அந்தப் பதிவேடு தறி ஓட்டுமா? நூல் அறுந்தால் முடிச்சுப் போடுமா? உழைப்பைக் கணக்கிலே எழுதலாம் என்பதால் உழைப்பே கணக்காகிவிடாது. கோளின் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரிலே கணிக்கலாம் என்பதால் கோள் கணித்துக்கொண்டு ஓடுகிறது என்று ஆகாது.

கணக்கென்பதே பொருளின்றி நடவாது என்பதை 1961இல் ரால்ஃப் லாண்டவர் காட்டினார். நினைவிலிருந்து ஒரே ஒரு குறியை அழித்தாலும் குறைந்தது இவ்வளவு வெப்பம் வெளியேறியே ஆகவேண்டும் என்றார் அவர். 2012இல் அதைச் சோதனையிலே அளந்தும் பார்த்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குச் செம்பு வேண்டும், சிலிக்கான் வேண்டும், மின்சாரம் வேண்டும், அதைச் செய்ய ஆள் வேண்டும். அண்டமே கம்ப்யூட்டர் என்போரை நாம் கேட்கிறோம்: அதன் பிளக்கை எங்கே சொருகியிருக்கிறது?

வாய்ப்பேச்சு வேண்டாம், சோதனை உண்டா என்பீர்கள். ஓரளவு உண்டு. வெளி பொடிப்பொடிக் கட்டங்களால் ஆனதாயின், ஆற்றல் மிகுந்த ஒளி சற்றே வேறு வேகத்தில் செல்லக்கூடும் என்று சில கோட்பாடுகள் கூறின. 2009 மே மாதம் ஃபெர்மி விண்தொலைநோக்கி ஓர் ஒளிவெடிப்பைக் கண்டது. அதிலிருந்து வந்த இரண்டு ஒளித்துகள்களின் ஆற்றல் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வேறுபட்டிருந்தது. சுமார் 700 கோடி ஆண்டுகள் ஓடிவந்த அவ்விரண்டும் ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளியிலே வந்து சேர்ந்தன! எல்லாக் கட்டக் கொள்கைகளும் இதனால் வீழ்ந்துவிடவில்லை. எளிய கட்டங்களைக் கற்பனை செய்தவர்களுக்கு அடி விழுந்தது என்ற அளவிலே சொல்லலாம்.

இவ்வளவும் அறிஞர் சபையின் வாதம். அது நடக்கட்டும். ஆனால் அங்கிருந்து கடைத்தெருவுக்கு வரும்போது சரக்கு மாறிவிடுகிறது. 2003இல் நிக் பாஸ்ட்ராம் என்னும் தத்துவ அறிஞர் மூன்று வாய்ப்புகளைக் கூறி, அவற்றுள் ஒன்றேனும் மெய்யாக இருந்தே தீரவேண்டும் என்றார். நாம் யாரோ ஓட்டும் போலி உலகிலே இருக்கிறோம் என்பது அம்மூன்றில் ஒன்றுதான். 2016இல் கோடீசுவரர் எலான் மஸ்க் மேடையேறி, நாம் மெய்யுலகிலே இருப்பதற்கான வாய்ப்பு நூறு கோடிகளில் ஒன்றுதான் என்று கூறிவிட்டார். மூன்றில் ஒன்று என்று எண்ணப்பட்டது கிட்டத்தட்ட முடிந்த முடிவாகிவிட்டது! உலகமே போலி என்று அவர் உல்லாசமாகச் சொல்லலாம். அவர் கணக்கிலே உள்ள பணம் மட்டும் போலி என்று சொல்லிக் கேட்டோமில்லை.

தோழரிடம் இத்தனையும் கூறியபின் இன்னொன்றும் கூறினோம். கம்ப்யூட்டர் என்பது முதலிலே பொறியின் பெயரே அன்று. ஒரு வேலையின் பெயர். அமெரிக்காவில் ஹார்வர்டு வான் ஆய்வகத்திலே, விண்மீன்களின் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளை நாள்முழுதும் உற்றுப் பார்த்துக் கணக்கெழுதிய பெண்களுக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பெயர். அவர்களுள் ஒருவர் ஹென்ரியெட்டா லீவிட். ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களிலே, எது அதிக ஒளியுடையதோ அது துடிக்க அதிக நாள் எடுத்துக்கொள்கிறது என்று 1912இல் கண்டு சொன்னார். விண்வெளியை அளக்கும் கோல் அதுவாயிற்று. அந்தக் கோலைக் கொண்டே ஹப்பிள், 1923இல் ஆண்ட்ரோமெடாவிலே அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டு, அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் கூட்டம் என்று காட்டினார். அதைக் காண லீவிட் இல்லை, 1921இல் மறைந்துவிட்டார்.

"அந்த அம்மாவுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டார் தோழர்.

மணிக்கு 30 சென்ட் என்றோம். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். வரும் ஞாயிறன்று கட்டம் போட்ட காகிதத்தோடு வருவாராம்; கான்வேயின் விளையாட்டைத் தம் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டுமாம்.