அண்ணன் தம்பிக்குள் கணக்கா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பழவேற்காட்டிலிருந்து பசியாவரத்துக்குப் படகில் சென்றுகொண்டிருந்தோம். நம்முடன் இரண்டு இளைஞர்கள் ஏறியிருந்தனர், நம்மவர் வீட்டுப் பிள்ளைகள், கல்லூரியில் படிப்பவர்கள். கரையில் தொடங்கிய அவர்களுடைய வாக்குவாதம் நடு ஏரியிலும் ஓயவில்லை. "அண்ணன் செய்தது துரோகம்" என்றான் ஒருவன். "தம்பிதான் நன்றி கெட்டவன்" என்றான் மற்றவன். ஏதோ பாகப்பிரிவினை வழக்கு என்றெண்ணிச் செவி கொடுத்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வழக்காடியது 'சூப்பர்நேச்சுரல்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் இரு சகோதரர்களைப் பற்றி!

கழியை ஊன்றிக்கொண்டிருந்த படகோட்டியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அந்த அண்ணனும் தம்பியும் ஒரே ஊரிலா இருக்கிறார்கள்?" என்றார். "ஒரே காரில் போகிறவர்கள் அண்ணே, தினமும்" என்றான் ஒருவன். "அப்படியும் இருக்கும் தம்பி. நானும் என் தம்பியும் ஒரே படகில்தான் வலைக்குப் போகிறோம். பேச்சு நின்று ஏழு வருடம் ஆகிறது. 'இழு' என்பேன், 'விடு' என்பான், அவ்வளவுதான்."

அதன்பின் மறுகரை வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே இதை எழுதத் தூண்டுகிறது.

அந்தத் தொடர் 2005ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, 2020 நவம்பர் வரை, 15 பருவங்களாக 327 பகுதிகள் ஓடியது. பேயும் பிசாசும் வேட்டையாடப்படும் கதை. தாய் தீயில் மடிந்த இரவில், நான்கு வயது அண்ணன் டீன், ஆறு மாதக் குழந்தையான தம்பி சாமைக் கையில் ஏந்தி வெளியே ஓடுகிறான். அன்று சுமந்த அந்தப் பாரத்தை அவன் ஆயுள் முழுதும் இறக்கி வைக்கவேயில்லை. தம்பியோ சட்டம் படிக்க வேண்டுமென்று வீட்டைத் துறந்து போனவன். இருவரும் ஒருவருக்காக ஒருவர் உயிரையே கொடுப்பார்கள். ஆனால் மனத்திலிருப்பதை ஒருவரிடம் ஒருவர் சொல்லமாட்டார்கள்.

ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது இதைப் பற்றித்தான். 2012இல் வந்த பருவத்தில், அண்ணன் வேறோர் உலகில் ஓராண்டு சிக்கிக் கிடக்க, தம்பி அவனைத் தேடாமல் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டான். அடுத்த பருவத்தில், சாகும் நிலையிலிருந்த தம்பியைக் காக்க, அவனை ஏமாற்றிச் சம்மதம் பெற்று, வானவன் ஒருவனை அவனுடலில் புகச் செய்தான் அண்ணன். உண்மை தெரிந்த தம்பி, "இதே நிலை உனக்கு வந்திருந்தால் நான் இப்படிச் செய்திருக்கமாட்டேன்" என்ற பொருள்படச் சொன்னபோது ரசிகருலகமே கொதித்தது.

"இதென்ன வீண் வேலை? பேய்க்கதைக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று நம் பெரியவர்கள் சினப்பது காதில் விழுகிறது. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். தன் அண்ணனைப் பற்றி வீட்டில் ஒரு சொல் சொல்ல இயலாத பிள்ளை, கடல் கடந்த அண்ணன் ஒருவனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறான். அவனைக் கண்டிக்குமுன், வீட்டில் அவன் வாயை அடைத்தது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த இளைஞர்களுடனும் நமக்கு வழக்கு உண்டு. குற்றவாளி அண்ணனா, தம்பியா என்று தீர்ப்பெழுதத் துடிக்கிறார்களே, பிளவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்களா? அந்தத் தொடர் விற்ற மூன்று பொய்களை நம் குடும்பங்கள் அதற்கு முன்பே விலைக்கு வாங்கி வைத்திருக்கின்றன.

முதற்பொய், பிளவுக்குப் பேய் காரணம் என்பது. அங்கே சகோதரரைப் பிரிப்பது ஒரு பெண் வடிவில் வந்த பிசாசு. இங்கே? "அவள் வந்த வேளை", "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்கிறோம்; வேற்று வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தலையில் பழியை ஏற்றிவிட்டுத் தாயத்துத் தேடிப் போகிறோம். ஷைத்தானின் சூழ்ச்சியை நாம் மறுப்பவரல்லர். யூசுஃப் நபியும் தமக்கும் தம் சகோதரர்க்குமிடையே ஷைத்தான் பகை மூட்டியதைச் சொன்னார்கள். ஆனால் எப்போது சொன்னார்கள்? தமக்கு இழைத்தது இன்னதென்று அறிவீர்களா எனச் சகோதரர்களை நேருக்கு நேர் கேட்டு, அவர்கள் தம் தவற்றை ஒப்புக்கொண்டு, தாமும் மன்னித்த பிறகல்லவா! நாமோ கேள்வியையும் ஒப்புதலையும் விட்டுவிட்டு ஷைத்தானை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இரண்டாவது பொய், தியாகம் செய்தால் போதும், பேச வேண்டியதில்லை என்பது. நம் வீட்டு மூத்தவர் வளைகுடா நாட்டில் இருபதாண்டு வெயிலில் காய்ந்தார். தம்பியைப் படிக்க வைத்தார். எந்தப் படிப்பு என்பதையும் அவரே முடிவு செய்தார். பெண்ணையும் அவரே பார்த்தார். தம்பி ஒருமுறையும் மறுத்ததில்லை, ஒருமுறையும் மகிழ்ந்ததுமில்லை. இன்று அண்ணன் ஊர் திரும்பித் திண்ணையில் அமர்ந்து, "என் உழைப்பைத் தின்றவன் எட்டிப் பார்ப்பதில்லை" என்று புலம்புகிறார். அவர் கொடுத்தது பொய்யன்று, அது அன்புதான். ஆனால் கேட்காமல் கொடுத்த அன்பு, பெற்றவன் தோளில் கடனாக ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தத் தொடரின் தம்பி வெகுண்டதும் இதற்காகவே.

மூன்றாவது பொய்தான் எல்லாவற்றினும் கொடியது: "அண்ணன் தம்பிக்குள் கணக்கா?" எத்தனை பெருந்தன்மையாக ஒலிக்கிறது! எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறது! திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்வதைப் பற்றியது. வாரிசுப் பங்கும் மனம்போல் விடப்படவில்லை. பாதி, கால், ஆறிலொன்று என எண்ணிச் சொல்லப்பட்டது. நாம் மட்டும் வாப்பாவின் வீட்டை முப்பதாண்டு பிரிக்காமல் வைத்திருந்து, சகோதரியின் பங்கை மெல்ல விழுங்கி, பேச்சு எழும் நாளில் "கணக்குப் பார்க்கிறான்" என்று தம்பியைத் தூற்றுகிறோம்.

இந்தப் பழவேற்காட்டு ஏரியிலேயே 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக வழங்கி வந்திருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விரிப்பது என்பதை ஊர் கூடி முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதிலும் குறைகள் உண்டு. பாடு உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் சச்சரவு உண்டு. ஆயினும் ஒன்று கவனியுங்கள்: நீரின் மேல் கோடு கிழிக்க முடியாதென்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. உறவினர்தாமே என்று விட்டுவிடவுமில்லை. வெளிப்படையாகப் பேசி முறை வகுத்தார்கள்.

"பெரியவனை எதிர்த்துப் பேசாததுதானே மரியாதை?" என்பாரும் உளர். அவர்களை மூஸா நபி, ஹாரூன் நபி ஆகியோரின் வரலாற்றைப் படிக்க வேண்டுகிறோம். மூஸா நபி மலைக்குச் சென்று நாற்பது இரவுகள் கழித்துத் திரும்பியபோது, சமுதாயம் காளைக்கன்றை வணங்கிக்கொண்டிருந்தது. சினம் பொங்க, பின்னே விட்டுச் சென்ற சகோதரரின் தலையையும் தாடியையும் பற்றினார்கள். ஹாரூன் நபி மௌனமாக நின்றார்களா? தாயின் மகனே என்று விளித்தார்கள். தம் தாடியை விடச் சொன்னார்கள். தாம் ஏன் அவ்வாறு நடந்துகொண்டோம் என்பதை விளக்கினார்கள். பகைவர் தம்மைக் கண்டு நகைக்கும்படி செய்துவிட வேண்டாம் என்றார்கள். சினந்த சகோதரரும் செவி சாய்த்து, தமக்கும் அவருக்குமாகச் சேர்த்தே இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்கள். தாடி பற்றப்பட்ட நிலையிலும் தாயை நினைவூட்டிப் பேசியதல்லவா மரியாதை! மௌனம் பல வேளைகளில் மரியாதையன்று, கோபத்தின் நாகரிகமான உடை.

அந்த 327 பகுதிகளின் முடிவு என்ன? ஒருவரையொருவர் எத்தனையோ முறை சாவிலிருந்து மீட்ட சகோதரர்கள், அண்ணன் உயிர் பிரியும் நேரத்தில்தான் மனம் திறந்து பேசுகிறார்கள். தம்பி முதுமை வரை வாழ்ந்து, தன் மகனுக்கு அண்ணன் பெயரைச் சூட்டுகிறான். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். நம் ஊர்களிலும் இது நடக்கிறது. ஜனாஸா எழும் வேளையில் ஓடோடி வந்து சந்தூக்கைத் தோளில் தாங்கும் தம்பிமார் எத்தனை பேர்! அந்தத் தோளை ஒருநாள் முன்னதாகக் கொடுத்திருக்கலாகாதா?

பழவேற்காட்டில் கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபட்டுப் போவதுண்டு. அப்போது கடல் கடலாகவே இருக்கிறது. ஏரியும் ஏரியாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே மீன்வளம் குன்றுகிறது, அடுப்புகள் அணைகின்றன. அதைப் பேயின் வேலை என்று எந்த மீனவரும் சொல்வதில்லை. மணல் என்று அவர்களுக்குத் தெரியும்; தோண்டத்தான் வேண்டுமென்றும் தெரியும்.

தொடர்ச் சகோதரர்களுக்குத் தீர்ப்பெழுதிய இளைஞர்களே, நும் வழக்குத்திறன் வீண்போக வேண்டாம். இன்றிரவு நும் அண்ணனிடமோ தம்பியிடமோ சென்று, சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். பெரியவர்களே, அவன் பேச வரும்போது "எதிர்த்துப் பேசுகிறான்" என்று எழுந்து போய்விடாதீர்கள். கணக்கை எழுதுங்கள், சகோதரியின் பங்கை முதலில் கொடுங்கள், பிறகு ஒரே தட்டில் கை வையுங்கள். சோறு அப்போதுதான் இனிக்கும்.