சிக்னல் பூஸ்டர்: சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்? வாங்கியதே சிக்கலா?

மொட்டை மாடியில் மூணு புள்ளி, ஹாலுக்கு வந்தா ஒண்ணு, பெட்ரூம்ல சுத்தமா இல்லை. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களில், கான்கிரீட் வீடு கட்டியவர்களுக்கு இது பழகிப்போன கணக்கு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கோ அது மீட்டிங் நடுவே அறுந்துபோகும் குரல், வராத ஓடிபி. இப்படித்தான் பலர் ஆன்லைனில் ஒரு 'சிக்னல் பூஸ்டர்' வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகும் சிக்னல் வராமல், பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால்?

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பூஸ்டரில் மூன்று பாகங்கள்: மாடியில் ஒரு ஆன்டெனா, நடுவில் ஆம்ப்ளிஃபையர், வீட்டுக்குள் இன்னொரு ஆன்டெனா. டவரிலிருந்து வருவதைப் பெருக்கி உள்ளே விடும். போனிலிருந்து போவதையும் பெருக்கி டவருக்கு அனுப்பும். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் 'கீ...' என்று கத்துமே, பெரும்பாலும் சிவப்பு விளக்குக்குக் காரணம் அதுதான். உள் ஆன்டெனா விடுவதை வெளி ஆன்டெனா மறுபடி பிடித்துக்கொள்கிறது. பெட்டி தன் குரலையே பெருக்கிக்கொண்டே போகிறது. 70 டெசிபல் பெருக்கம் என்றால் ஒரு கோடி மடங்கு. அவ்வளவு பெருக்கத்துக்கு, இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே அதைவிடப் பெரிய தடுப்பு வேண்டும். ஒரு மாடி வீட்டில், நாலைந்து மீட்டர் கேபிளில் அது சுலபத்தில் கிடைக்காது. நல்ல கருவி தானாகவே பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். மலிவான பெட்டி நிற்காது, கத்திக்கொண்டே இருக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. பெட்டி 900 மெகாஹெர்ட்ஸுக்கானது, உங்கள் சிம் 2300-இல் ஓடுகிறது என்றால் பயனில்லை. மாடியிலேயே சிக்னல் இல்லையென்றால் பெருக்க எதுவுமில்லை. புள்ளி முழுசா இருந்தும் நெட் ஊர்ந்தால், அது டவரில் நெரிசலாக இருக்கலாம். அதைப் பூஸ்டர் தீர்க்காது.

பக்கத்து வீட்டுக்கு என்ன பாதிப்பு?

கத்தும் பெட்டியின் இரைச்சல் டவர் வரை போகிறது. தூரத்து போன்களிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைக் கேட்கத்தான் டவர் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்திலேயே ஒருவர் இரைச்சல் போட்டால், டவரின் எல்லையோரத்தில் இருப்பவரின் அழைப்புதான் முதலில் விழும். தெரு முனையில் ஒருவர் 108-க்குப் போன் போட்டு லைன் கிடைக்காமல் நிற்கலாம். அதற்குக் காரணம் நாலு வீடு தள்ளியிருக்கும் பெட்டி என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட அறிவுரை தெளிவானது: உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டர் அல்லது ரிப்பீட்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டத்தின் காலத்திலிருந்தே அனுமதியின்றி ரேடியோ கருவி வைத்திருப்பது குற்றம். 2023-இல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது.

'யூடியூப்ல வெள்ளைக்காரன் மாட்டுறானே?' என்று கேட்கலாம். அமெரிக்காவில் சான்று பெற்ற பூஸ்டரை, மொபைல் நிறுவனத்தின் ஒப்புதலோடும் பதிவோடும் வீட்டில் வைக்க விதி உண்டு. அந்த வீடியோ இங்கே பொருந்தாது. ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதாலேயே அது சட்டப்படி சரி என்றும் ஆகிவிடாது.

அப்போ என்னதான் செய்வது?

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வைஃபை காலிங் வசதிக்குத் தனிக் கட்டணம் இல்லை. போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் 'வைஃபை காலிங்' ஆன் செய்தால் போதும். அழைப்பு டவருக்குப் பதிலாக ரூட்டர் வழியே போகும். எதிரில் இருப்பவர் எந்த ஆப்பும் போட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கரண்ட் போனால் ரூட்டரும் போகும். ரூட்டருக்கென்றே வரும் சின்ன யுபிஎஸ் ஒன்றை மாட்டிவிடுவது நல்லது. பூஸ்டருக்குச் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிராட்பேண்ட் இல்லையென்றால், சிம்மை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஆண்ட்ராய்டில் 'சிம் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் சிக்னல் அளவு டிபிஎம்மில் தெரியும். 4ஜி-யில் −90 என்றால் நல்லது, −115 என்றால் விளிம்பு. வேறு நிறுவனத்தின் சிம் உள்ள நண்பரின் போனை அதே பெட்ரூமில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நிறுவனங்கள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்பது டிராயின் 2024 விதி. ஆனால் வரைபடத்தில் தெருதான் தெரியும், உங்கள் சுவர் தெரியாது. 'தரங் சஞ்சார்' அரசுத் தளத்தில் அருகில் எந்த நிறுவனத்தின் டவர் இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

தெருவுக்கே சிக்னல் இல்லை என்றால் 198-இல் புகார் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு, அதன்பின் தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர்ப்புத் தளம். ஒருவர் போடும் புகாரைவிட, தெருக்காரர்கள் பத்துப் பேர் தனித்தனியாகப் போடும் புகார்கள் கவனிக்கப்பட வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே பூஸ்டர் மாட்டியிருப்பவர்கள், அதற்கு முன் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை சிக்னலைப் பார்ப்பது நல்லது.